சில்வண்டுக் காலத்தில் வீடு: பினாங்கு மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்குத் தீவில் மலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குச் சில்வண்டின் ஓசை புதிதல்ல. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், தண்ணீர்மலை, தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் ஆகிய இடங்களில் சில வாரங்களுக்கு மாலையானால் தொலைக்காட்சி கேட்காது, தொலைபேசியில் பேச முடியாது, பால்கனி விளக்கைப் போட்டால் பூச்சி வந்து மோதும். கோலாலம்பூரில் புக்கிட் கியாரா, கெப்போங் பக்கம் இருப்பவர்களுக்கும் கீழுள்ள பதில்களில் பெரும்பாலானவை பொருந்தும்.

மாலையில் மலைப்பக்கமிருந்து வரும் இரைச்சல் சில்வண்டுதானா, வேறு பூச்சியா?

நேரத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பொழுது சாயும்போது, பினாங்கில் பெரும்பாலும் 7 மணியை ஒட்டி, திடீரென்று எழுந்து அரை மணி நேரம்போல் மலையே அதிர்வதுபோல் ஒலித்துவிட்டு, இருட்டியதும் சட்டென்று அடங்கினால் அது சில்வண்டு. மலாய்க்காரர்கள் ரியாங்-ரியாங் என்பதும் இதைத்தான். விடியற்காலையிலும் இப்படி ஒரு சுற்று உண்டு. வெயில் உச்சியில் இருக்கும்போது பாடும் இனங்களும் இருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் தனி நேரம், தனிச் சுருதி.

இரவு 9 மணிக்குமேல் புல்தரையிலிருந்தும் லோங்காங் (வடிகால்) ஓரத்திலிருந்தும் விட்டுவிட்டு வரும் கீச்சொலி சுவர்க்கோழியுடையது. மழைக்குப் பிறகு விடிய விடியக் கத்துவது தவளை. இவற்றைப் பிரித்தறிவது அவசியம். தேங்கிய நீரை அகற்றினால் தவளைச் சத்தம் குறையும், சில்வண்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கட்டை விரல் அளவுப் பூச்சியால் எப்படி இவ்வளவு சத்தம் போட முடிகிறது?

சுவர்க்கோழி இறகோடு இறகு உரசி ஒலி எழுப்புகிறது. சில்வண்டின் முறை வேறு. ஆண் பூச்சியின் வயிற்றின் இரு பக்கமும் வரிவரியாக விறைத்த சவ்வு ஒன்று உண்டு. உள்ளிருக்கும் தசை இழுத்தால் அது உள்வாங்கி ‘டக்’ என்கும், விட்டால் நிமிர்ந்து மறுபடி ‘டக்’ என்கும். பால்டின் மூடியை விரலால் அழுத்தி விடும்போது எழுவது போன்ற ஒலி. ஒரு நொடியில் இது நூற்றுக்கணக்கான முறை நடப்பதால் நம் காதுக்குத் தொடர் இரைச்சலாகக் கேட்கிறது. ஆணின் வயிறு பெரும்பாலும் உள்ளீடற்றது, அந்தக் காற்றறை ஒலியைப் பெருக்கிவிடுகிறது. பாடும்போது தன் காதுச் சவ்வைத் தளர்த்தி வைத்துக்கொள்வதால் அதன் காதுக்கு ஆபத்தில்லை.

பெண் பூச்சிக்கு இந்தச் சவ்வு இல்லை. ஆண்கள் பாடுவது பெண்ணை அழைக்கத்தான். ஒன்று தொடங்கினால் பக்கத்து மரத்தில் இருப்பதும் சேர்ந்துகொள்ளும்.

எந்த மாதத்தில் அதிகம்? எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

காலண்டரில் குறித்து வைக்கும்படியான தேதி கிடையாது. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். அது முடிந்து மழை திரும்பும் மார்ச் முதல் மே வரையிலான வாரங்களில்தான் பலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். சில்வண்டுக் குஞ்சு வளர்வது மண்ணுக்குள். மண் நனைந்து இளகினால் அது மேலேறி வருவது எளிது. காய்ந்து இறுகிய மண்ணைத் துளைப்பது கடினம்.

வெளியே வந்த பூச்சியின் ஆயுள் சில வாரங்களே. ஒரே இனத்தின் எல்லாப் பூச்சிகளும் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு இனம் ஓய்ந்ததும் இன்னொன்று தொடங்கலாம். அதனால் ‘இரண்டு மாதமாக நிற்கவே இல்லை’ என்று தோன்றினாலும், உச்சமான இரைச்சல் பெரும்பாலும் சில வாரங்களோடு தணிந்துவிடும். பலத்த மழை பெய்யும் மாலையில் பாட்டு குறையும் அல்லது இருக்காது.

அமெரிக்காவில் 17 ஆண்டுக்கு ஒருமுறை கோடிக்கணக்கில் வருகிறதாமே, இங்கும் அப்படி வருமா?

வராது. 13 ஆண்டு, 17 ஆண்டு என்று எண்ணி வைத்ததுபோல் மண்ணுக்குள்ளிருந்து எழும் மாஜிசிகாடா இனங்கள் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மட்டுமே உள்ளன. 2024இல், 13ஆம் கூட்டம், 19ஆம் கூட்டம் என்று எண்ணிட்டு அழைக்கப்படும் இரண்டு ஒரே ஆண்டில் வெளிவந்தன. அதற்குமுன் அவை சேர்ந்து வந்தது 1803இல். அந்தச் செய்தியும் காணொலியும்தான் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ‘அடுத்தது பினாங்கு’ என்ற தலைப்போடு சுற்றுகின்றன. நமக்குக் கொஞ்சம் அருகில் இப்படி ஆண்டுக் கணக்கு வைத்திருப்பது இந்தியாவின் மேகாலயாவில், ரிபோய் மாவட்டத்தில் உள்ள ஓர் இனம். அது 4 ஆண்டுக்கு ஒருமுறை பெருங்கூட்டமாக வரும்.

நம் காடுகளில் பல இனங்கள் கலந்து வாழ்கின்றன. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு தலைமுறை வெளியே வரும். உலகிலேயே பெரிய சில்வண்டான மெகாபொம்போனியா இம்பெரடோரியா மலேசியக் காடுகளைச் சேர்ந்தது. இறகு விரித்தால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருக்கும்.

தினமும் இதைக் கேட்டால் காது கெட்டுப்போகுமா?

வீட்டிலிருந்து கேட்பவர்களுக்குப் பயமில்லை. காது நலத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு இது: 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் வரை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். அதாவது 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி நேரம். மரத்தடியிலேயே நின்றால் 90ஐ நெருங்கலாம். ஆனால் அந்தி இரைச்சல் நீடிப்பது சுமார் அரை மணி நேரம்தான். கையில் பிடித்த பூச்சியைக் காதருகே வைத்துக் கேட்பது மட்டும் வேண்டாம். சில இனங்கள் மிக அருகில் 100 டெசிபெலைத் தாண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

கெடுவது தூக்கமும் பொறுமையும்தான். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டில், இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் படுக்கும் ஆலைத் தொழிலாளிக்கு, இது உண்மையான கஷ்டம்.

வீட்டுக்குள் சத்தத்தைக் குறைக்க என்ன செய்வது?

முதலில் நல்ல செய்தி. பல சில்வண்டுகளின் ஓசை 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த சுருதி. லோரி உறுமல், கெண்டாங் மத்தள அடி போன்ற தாழ்ந்த ஒலி சுவரையும் ஊடுருவும். உயர்ந்த சுருதியைச் சாதாரணக் கண்ணாடியே நன்றாகத் தடுத்துவிடும். அப்படியானால் ஏன் சன்னலை மூடியும் கேட்கிறது? இடுக்குதான் காரணம். சன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும், தடுப்பு 20 டெசிபெலோடு நின்றுபோகும். ஆகவே காசைக் கண்ணாடியில் போடுவதற்குமுன் இடுக்கில் போடுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யலாம். இருட்டியபின் அறை விளக்கை அணைத்து, வெளியிலிருந்து ஒருவர் கைவிளக்கைச் சன்னல் சட்டத்தைச் சுற்றிக் காட்டட்டும். உள்ளிருப்பவர் வெளிச்சம் கசியும் இடங்களையெல்லாம் மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு துண்டுத் தாளைச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடம் இறுக்கமில்லை.

திறந்து மூடும் சன்னலுக்கு ரப்பர் பட்டை. இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றால் 5 மில்லிமீட்டர் பட்டை வாங்குங்கள், மூடும்போது அமுங்கி நிரப்பும். அளவுக்கு மீறித் தடிமனாக வாங்கினால் தாழ்ப்பாள் விழாது, கீல் விலகும். ஒட்டுமுன் சட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பட்டை ஒரே வாரத்தில் உரிந்து விழுவது தூசியும் எண்ணெய்ப் பசையும் இருந்த இடத்தில் ஒட்டுவதால்தான். ரப்பர் இல்லாத வெறும் பஞ்சுப் பட்டை மலிவு, ஆனால் சில மாதத்தில் நசுங்கித் தட்டையாகிவிடும். இழுத்து மூடும் சன்னலுக்கு ரப்பர் ஒத்துவராது, தடம் சிக்கும். அதற்குத் தூரிகைபோல் மயிர் வைத்த பட்டை உண்டு, அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் செருகிவிடலாம். கதவின் அடியில் ரப்பர் நாக்குப் பட்டை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள நிலையான வெடிப்புக்கு சிலிக்கான். ஏர்கான் குழாய் சுவரைத் துளைத்துவரும் ஓட்டையை மறந்துவிடாதீர்கள். பல வீடுகளில் அங்கே அடைத்த களிம்பு காய்ந்து விழுந்திருக்கும்.

பழைய வீடுகளின் நாக்கோ சன்னல்தான் பெரிய தொல்லை. கண்ணாடித் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தாலும் இடையில் காற்றுப் புகும், ஒலியும் புகும். பட்டை ஒட்டிப் பயனில்லை. உள்பக்கம் முழுச் சட்டத்தையும் மூடும் அளவுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் பலகையைக் காந்தப் பட்டையால் பொருத்துவதே சிறந்த வழி. சில்வண்டுக் காலம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம், வாடகை வீட்டுக்கும் ஏற்றது. அந்தச் சன்னல்தான் தீப்பிடித்தால் வெளியேறும் வழி என்றால் திருகாணி போட்டு நிரந்தரமாக மூடாதீர்கள்.

திரைச்சீலை வெளி ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. கனமான துணி அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவே. முட்டை அட்டை ஒட்டுவதும், சுவருக்கு மெல்லிய ஃபோம் ஒட்டுவதும் வீண் செலவு. ஃபோம் எளிதில் தீப்பற்றவும் செய்யும்.

எல்லாவற்றையும் அடைத்தால் புழுங்குமே என்பது சரிதான். மலைப்பக்கச் சன்னலை மட்டும் மாலை 6:45 முதல் 8 மணி வரை மூடிவையுங்கள். எதிர்ப்பக்கச் சன்னல் திறந்திருக்கட்டும். கட்டடமே மறைப்பாக நின்று சத்தத்தை வாங்கிக்கொள்ளும். இருட்டி அடங்கியதும் எல்லாவற்றையும் திறந்து காற்றை மாற்றிவிடுங்கள். அடுக்ககத்தில் வெளிப்புறக் கண்ணாடியையோ சட்டத்தையோ மாற்றுவதாக இருந்தால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உள்பக்கப் பலகைக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

மேல் மாடிக்குக் குடிபோனால் குறையுமா?

தனியாக ஒரு பூச்சி என்றால், தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். மலைச்சரிவு முழுவதும் ஆயிரக்கணக்கில் பாடும்போது அந்தக் கணக்கு செல்லாது. மாடி ஏற ஏறச் சரிவின் மரத்தலைகளுக்கு நேர்மட்டத்தில் வருகிறோம், நடுவே மறைப்பும் இல்லாமல் போகிறது. 15ஆம் மாடியில் 3ஆம் மாடியைவிட அதிகமாகக் கேட்பது சகஜம். வீடு பார்க்கும்போது மாடியைவிட, படுக்கையறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். மாலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

இரைச்சலை அழிக்கும் ஹெட்ஃபோன் உதவுமா? காதடைப்பான்?

அந்த ஹெட்ஃபோன்களின் மின்னணு வேலை விமானம், ஏர்கான் போன்ற தாழ்ந்த ஒலியில்தான் திறமையாக நடக்கும். சில்வண்டின் சுருதியைத் தடுப்பது காதை முழுக்க மூடும் மெத்தைதான். எனவே காதின்மேல் உட்காரும் சிறிய வகையைவிட, காதைச் சுற்றி மூடும் பெரிய வகை நல்லது. விலை குறைந்த ஃபோம் காதடைப்பான் இந்த ஓசைக்கு அதைவிடவும் நன்றாக வேலை செய்யும், சரியாக மாட்டினால். கையைக் கழுவி, அதை விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, விரிந்து நிரம்பும்வரை 20 முதல் 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மாட்டியது சரியில்லை. சிறு குழந்தைகளுக்கு இது வேண்டாம், தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. காதில் சீழோ வலியோ இருப்பவர்களும் தவிர்க்கவும்.

தூங்கும்போது மின்விசிறிச் சத்தத்தால் மறைக்க நினைப்பவர்களுக்கு: விசிறியின் ஒலி தாழ்ந்தது, சில்வண்டுக்கு மேலேறி மறைக்காது. மழைச் சத்தப் பதிவில் உயர்ந்த சுருதியும் கலந்திருப்பதால் அது நன்றாக மறைக்கும். சில்வண்டைத் தோற்கடிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டாதீர்கள்.

இணைய வகுப்பிலும் கூட்டத்திலும் எதிர்முனையில் இருப்பவருக்குச் சில்வண்டுதான் கேட்கிறதாம்.

மடிக்கணினியின் மைக்கை விட்டுவிட்டு, வாயிலிருந்து 3 அல்லது 4 சென்டிமீட்டரில் நிற்கும் தண்டு மைக் உள்ள ஹெட்செட்டைப் பயன்படுத்துங்கள். செயலியில் இரைச்சல் நீக்கத்தை உச்ச அளவில் வையுங்கள். பாட்டு வகுப்பு, வீணை வகுப்பு என்றால் மட்டும் அதை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். பதிவு செய்த பிறகு சரிசெய்வதாக இருந்தால், பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிப் பாருங்கள். குரல் கொஞ்சம் மந்தமாகும், சொற்கள் புரியும்.

விளக்கைப் போட்டால் உள்ளே பறந்து வந்து விசிறியில் மோதுகின்றன. எப்படித் தடுப்பது?

இதில் உங்கள் கைக்குள் இருப்பது விளக்கு ஒன்றுதான், அதுவே பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். நீலமும் புற ஊதாவும் கலந்த வெள்ளை ஒளி பூச்சியை அதிகமாக இழுக்கும். பால்கனி, வாசல், கார் நிறுத்தும் கூரையடி ஆகிய இடங்களில் 6500 கெல்வின் வெள்ளை பல்பை எடுத்துவிட்டு, 2200 அல்லது அதிகம் போனால் 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி மாட்டுங்கள். பெட்டியிலேயே இந்த எண் அச்சிட்டிருக்கும். விளக்குக்கு மேலே மூடி வைத்து ஒளி தரையில் மட்டும் விழச் செய்யுங்கள். கதவுக்கு நேர்மேலே இருக்கும் விளக்கை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. அந்திக்குமுன் திரையை இழுத்துவிட்டு, பிறகு அறை விளக்கைப் போடும் பழக்கம் வேண்டும்.

அடுக்ககத்தில் ஒரு வீடு மட்டும் மாற்றிப் பயனில்லை. மலையைப் பார்த்த கார் நிறுத்துமிடத்தில் இரவெல்லாம் வெள்ளை விளக்கு எரிந்தால் எல்லாம் அங்கே வந்து குவியும். குடியிருப்பாளர் கூட்டத்தில் விளக்கின் நிறத்தையும் அணைக்கும் நேரத்தையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மின்கட்டணமும் குறையும் என்பதைச் சேர்த்துச் சொன்னால் நிர்வாகம் காதுகொடுக்கும்.

ஊதா ஒளி பூச்சிக்கொல்லி விளக்கு வேண்டவே வேண்டாம். காட்டிலிருந்து இன்னும் பலவற்றை அழைத்து வரும்.

சாமி அறை விளக்கிலும் கோயில் விளக்கிலும் வந்து விழுகின்றனவே?

எண்ணெய் விளக்கின் மஞ்சள் சுடர் அதிகமாக இழுப்பதில்லை. அருகில் எரியும் வெள்ளைக் குழல் விளக்குதான் இழுக்கிறது, தடுமாறி வரும் பூச்சி சுடரில் விழுகிறது. பூசை நேரத்தில் குழல் விளக்கை அணைத்துவிட்டு, குத்துவிளக்கைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு வையுங்கள். மேற்புறம் திறந்த கூண்டானால் சுடர் அணையாது. மலையடிவாரக் கோயில்களில் கோபுரத்துக்கு அடிக்கும் ஒளியை இரவு பூசை முடிந்ததும் நிறுத்தினால் காலையில் பிராகாரம் கூட்டும் வேலை பாதியாகும்.

உள்ளே வந்துவிட்டதை எப்படி வெளியேற்றுவது?

முதலில் கூரை விசிறியை நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்து வெளி விளக்கைப் போட்டுச் சன்னலைத் திறந்தால் பல தாமாகவே போய்விடும். போகாவிட்டால், உட்கார்ந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி வெளியே கொண்டுபோங்கள். கையால் எடுப்பதானால் மடிந்த இறகுகளின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கலாம். பிடித்ததும் கிறீச்சென்று அலறும், உடம்பு அதிரும். அது பயத்தில் செய்வது. மரத்தண்டில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

கடிக்குமா, கொட்டுமா?

கொட்டாது, கொடுக்கே இல்லை. கடிக்கும் வாயும் இல்லை, மரச்சாறு உறிஞ்சும் ஊசிபோன்ற குழல்தான் உண்டு. நெடுநேரம் கையில் வைத்திருந்தால் கிளை என்று நினைத்துக் குத்திப் பார்க்கலாம். லேசாக வலிக்கும், விஷம் கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

மருந்து அடித்தால் என்ன?

அடிக்காதீர்கள். உங்கள் மரத்தில் இருப்பதைக் கொன்றால் மறுநாள் மலையிலிருந்து வேறு வரும். மருந்தின் விளைவு மட்டும் உங்கள் வளவில் தங்கும். பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு, கொய் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தேனீயும், கெலுலுட் என்னும் கொடுக்கில்லாத் தேனீயும் சாகும். மருந்து பட்ட பூச்சியைத் தின்னும் மைனாவுக்கும் பல்லிக்கும் அது போய்ச் சேரும். டெங்கிக்காக அடிக்கும் புகை கொசுவுக்கானது, சில்வண்டுக்காக அதைக் கேட்டு மாநகர் மன்றத்துக்கு அழைக்க வேண்டாம். மரத்தண்டில் பசை நாடா சுற்றுவதும் கொடுமையான வேலை, அதில் பறவையும் ஓணானும் ஒட்டிக்கொண்டு சாகும். மீயொலிக் கருவி என்று விற்பதை வாங்கிக் காசை இழக்காதீர்கள்.

மரத்தையே வெட்டிவிட்டால்?

உங்கள் வளவு மரமானாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1976ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புத் திட்டச் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட உள்ளாட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். காய்ந்துபோனது, விழப்போவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சாலையோர மரம் மன்றத்தின் சொத்து. அதோடு, ஒரு மரம் போனால் இரைச்சல் குறைந்ததைக் காதால் உணரவே முடியாது, மலை அப்படியேதான் இருக்கும். போவது நிழல்தான். பினாங்கு மலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டை ஒட்டி வாழ்வதன் விலையில் ஒரு பங்கு இந்த அரை மணி நேரம் என்றே கொள்ள வேண்டும்.

தோட்டத்து மண்ணில் விரல் நுழையும் துளைகள். பாம்பா?

சுமார் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் அகலத்தில், சீரான வட்டமாக, சுற்றிலும் மண் குவியாமல், மரத்தடியில் பலவாக இருந்தால் சில்வண்டுக் குஞ்சு வெளியேறிய துளை. ஈர மண்ணில் அதன்மேல் சில சென்டிமீட்டர் உயரத்துக்குச் சேற்றுக் குழல் எழுப்பியிருக்கும். துளை வாயில் பட்டுபோல் நூல் படிந்திருந்தால் உள்ளே சிலந்தி இருக்கலாம், கையை விடாதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், கொதிநீர் ஊற்றுவது வேருக்குத்தான் கேடு. பூச்சி எப்போதோ போய்விட்டது. துளை வழியே மழைநீரும் காற்றும் வேருக்கு இறங்கும், மழையில் தானே மூடிக்கொள்ளும்.

வேலியிலும் துணிக்கொடியிலும் ஒட்டியிருக்கும் பழுப்புக் கூடுகள்?

குஞ்சு உரித்துப் போட்ட தோல். உயிரில்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு மண்ணுக்குள் வேர்ச்சாறு குடித்து ஐந்து பருவம் வளர்கிறது. கடைசியில் இரவில் மேலேறி, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு முதுகு வெடித்து வெளியே வருகிறது. துணியிலிருந்து எடுக்கும்போது இழுக்காதீர்கள், கால் நகம் நூலில் மாட்டியிருக்கும். தண்ணீர் தெளித்தால் இளகி வரும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கூரைத் தண்ணீர்ப் பள்ளத்தை. தோலும் இறந்த பூச்சியும் சருகோடு சேர்ந்து வாயை அடைத்தால் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். ஆகவே இந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை பள்ளத்தையும் லோங்காங் வாயையும் சுத்தம் செய்யுங்கள். வாரியதைச் செடிக்கு உரமாகப் போடலாம்.

மரத்தடியில் நிறுத்திய காரின்மேல் மழையில்லாமலே தூறல் விழுகிறது.

சில்வண்டு குடிக்கும் சாற்றில் சத்து மிகக் குறைவு, பெரும்பகுதி தண்ணீர். வேண்டாததைப் பீய்ச்சி வெளியேற்றுகிறது. தெளிவாக, பிசுபிசுப்பில்லாமல் இருக்கும், பச்சைத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். காய்ந்தபின் ஒட்டிக்கொண்டு கரும்பூசணம் படர்ந்தால் அது சில்வண்டல்ல, மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ மரத்தில் இருக்கிறது.

டுரியான், ரம்புத்தான் கன்றுகளுக்குக் கேடு உண்டா?

பெரிய மரத்துக்கு இல்லை. பெண் பூச்சி பென்சில் தடிமன் உள்ள குச்சியைக் கீறி முட்டை வைக்கும். அந்தக் குச்சியின் நுனி வாடித் தொங்கலாம். மரம் தாங்கிக்கொள்ளும். நட்டு ஒன்றிரண்டு ஆண்டே ஆன கன்றில் எல்லாக் கிளையும் அந்தத் தடிமனில்தான் இருக்கும் என்பதால் அதற்கு மட்டும் காப்பு தேவை. பாலிக் பூலாவ் பக்கம் புதுக்கன்று வைத்திருப்பவர்கள் இரைச்சல் கூடத் தொடங்கிய வாரத்திலேயே 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைக் கன்றின்மேல் போர்த்தலாம். கண் 1 சென்டிமீட்டரைத் தாண்டினால் பூச்சி நுழைந்துவிடும். நான்கு மூங்கில் குச்சி நட்டு, வலை இலையைத் தொடாமல் நிறுத்தி, அடியில் தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். தரையில் விரித்துவிட்டால் மண்ணிலிருந்து வரும் குஞ்சு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரைச்சல் ஓய்ந்ததும் எடுத்துவிடுங்கள். கீறிய குச்சி காய்ந்தால், கீறலுக்கு 5 சென்டிமீட்டர் கீழே கூரிய கத்தரியால் வெட்டுங்கள்.

நாயும் பூனையும் பிடித்துத் தின்கின்றன.

ஒன்றிரண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. நிறையத் தின்றால் ஓடு செரிக்காமல் வாந்தி எடுக்கும். வாந்தி நிற்காவிட்டாலோ, மருந்தடித்த இடத்தில் தின்றிருந்தாலோ விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மனிதர்கள் சாப்பிடலாமா?

சில நாடுகளில் சாப்பிடுகிறார்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது, பூச்சியின் உடலிலும் அதே வகை ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது. மண்ணுக்குள் இறந்த குஞ்சின் தலையிலிருந்து கொம்புபோல் பூஞ்சை முளைத்திருப்பதை மருந்தென்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். நஞ்சானதும் அதில் உண்டு.

எங்கள் பிள்ளைக்குச் சத்தம் கூசும். மாலையானால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும், சத்தத்துக்குக் கூசும் மற்றப் பிள்ளைகளிடமும் இது உண்டு. ‘சும்மா பூச்சிதான்’ என்று அதட்டுவது உதவாது, அவனுக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது. ஓசை எப்போது வரும், எப்போது போகும் என்று முன்பே தெரிந்தால் பாதிப் பயம் குறையும். படம் போட்ட ஒரு அட்டையில் 7 மணிக்குப் பூச்சி, 7:45க்கு அமைதி என்று காட்டுங்கள். ஓசை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே சத்தம் குறைந்த அறைக்கு அழைத்துப் போங்கள். குளியலறை கட்டடத்தின் நடுவில் இருந்தால், அந்த நேரத்தைக் குளிக்கும் நேரமாக மாற்றிவிடலாம். பிள்ளைகளுக்கான காதுமூடி உச்ச நேரத்துக்கு மட்டும். நாள் முழுவதும் போட்டுப் பழகினால் சாதாரணச் சத்தத்துக்கும் கூசத் தொடங்கும்.

நடு இரவில், மூடிய அறையிலும் சில்வண்டு கேட்கிறது.

வீட்டில் மற்றவர்களுக்கும் கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் அது காதிரைச்சலாக இருக்கலாம். பலர் அதைச் ‘சில்வண்டுச் சத்தம்’ என்றே மருத்துவரிடம் சொல்வார்கள். பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனாலும் கிளினிக்கில் காட்டி, காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தொடக்க நாட்களில்தான் சிகிச்சை பலன் தரும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. பேரப்பிள்ளைகள் காதைப் பொத்தும்போது தாத்தா ‘இந்த வருஷம் சில்வண்டே இல்லையே’ என்றால், உயர்ந்த சுருதி அவருக்குக் கேட்காமல் போயிருக்கலாம். வயதானால் முதலில் மங்குவது அந்தப் பகுதிதான். கேட்கும் திறன் சோதனைக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே காது கேட்கும் கருவி அணிபவர் ‘கூர்மையாகக் குத்துகிறது’ என்றால், கருவியைக் கழற்றி வைக்காமல், மாலைக்கென்று உயர்ந்த சுருதியைத் தணித்த தனி அமைப்பு ஒன்றைச் செய்துதரும்படி ஒலியியல் நிபுணரிடம் கேளுங்கள்.

தோலுரிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறோம். எங்கே, எப்படி?

காட்டுக்குள் போகத் தேவையில்லை. தோல்கள் அதிகம் ஒட்டியிருக்கும் மரத்தைப் பகலில் குறித்து வைத்துக்கொண்டு, மழை பெய்து ஓய்ந்த நாளில் 7:30 முதல் 9:30க்குள் அதன் அடித்தண்டைப் பாருங்கள். உங்கள் தாமான் (குடியிருப்பு) பூங்காவே போதும். கைவிளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றுங்கள். முதுகு வெடித்து வெளிவந்து இறகு விரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை தொட்டால் இறகு கோணலாகக் காய்ந்து, பிறகு பறக்கவே முடியாது. தரையில் தவறி விழுந்த குஞ்சைக் கண்டால், தோல் வெடிக்கத் தொடங்குமுன் ஒரு குச்சியில் ஏறச் செய்து மரத்தண்டில் சாய்த்து வைக்கலாம். எறும்பு மொய்த்தால் தப்பாது. நீண்ட கைச்சட்டையும் கொசுத் தைலமும் கட்டாயம், ஆனால் தைலம் பூசிய கையால் பூச்சியைத் தொட வேண்டாம். உரித்த தோலை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்குத் தேசியப் பூங்கா போன்ற காப்பிடங்களிலிருந்து மட்டும் எதையும் எடுக்காமல் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.